உறுதியானதும் சொல்கிறேன்

மே 6

அன்புள்ள பூச்சிக்காரிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். ஆனால் உண்மையிலேயே ஆவல்தான். முழங்கால் வலி இன்னும் விடவில்லை என்று மகள் சொன்னாள். அத்தனை பெரிய மியூசியத்துக்கு ஒரு லிஃப்ட் போட மனசு வராதா அவர்களுக்கு?

இத்துடன் ஒரு தீப்பெட்டி வருகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு திற, தும்மினால் போச்சு. காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இல்லை. உமி என்று நினைத்து ஊதினேன். உமி நடந்து போயிற்று! கிட்டப் போய்ப் பார்த்தால், காப்பிக்கொட்டை நிறத்தில் இறக்கை, அதில் இரண்டு மஞ்சள் பட்டை, ஓரத்தில் ஈயம் பூசியது போல ஒரு மினுக்கு. மூஞ்சிக்கு முன்னால் மேல்நோக்கி வளைந்த இரண்டு கொம்பு. அந்துப்பூச்சிதானே இது? இந்தக் காட்டைக் காவல் காக்க வந்த நாளிலிருந்து இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. உன் கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

போனில் சொல்லலாம்தான். போனில் நாம் "அப்புறம்?", "அப்புறம் ஒண்ணுமில்ல", "சரி வெச்சிடறேன்" என்பதைத் தாண்டுவதில்லையே.

ஒரு வருஷ வேலை என்று போனாய். வேலை உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூச்சியைப் பார்த்ததும் "ஏய், இங்க வா, சீக்கிரம்!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதனால்தான் தபாலில் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
காட்டுக் காவல்காரன்


மே 15

காட்டுக் காவலருக்கு,

பெட்டி கிடைத்தது. பூச்சியின் தலை ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். மெத்தை தைப்பது போலப் பஞ்சைத் திணித்தால் வேறு எப்படி வரும்? இத்தனை வருஷம் காட்டில் இருக்கிறீர்கள், ஒரு பூச்சியை முழுசாக அனுப்பத் தெரியவில்லை.

இந்த அளவு பூச்சிகளை இறக்கையைப் பார்த்து மட்டும் இன்னது என்று சொல்ல முடியாது. வயிற்று நுனியை அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பியதில் அந்த நுனிதான் நசுங்கியிருக்கிறது. இன்னொன்று கிடைத்தால், ஒன்றே ஒன்று போதும், பஞ்சு இல்லாமல், அது உட்கார்ந்திருந்த இலையோ பட்டையோ அதோடு சேர்த்து டப்பாவில் வையுங்கள். எத்தனை மணிக்குப் பறக்கிறது, எந்த இடம், என்ன மரம் என்று எழுதுங்கள்.

முழங்கால் பரவாயில்லை.

பூச்சிப் பிரிவிலிருந்து.

பி.கு: தீப்பெட்டியில் மீதி இருந்த இரண்டு குச்சியையும் ஏன் அனுப்பினீர்கள்? தபாலில் தீப்பிடித்திருந்தால்?


மே 27

அன்புள்ள பூச்சிப் பிரிவுக்கு,

உத்தரவுப்படி குச்சி இல்லாமல் அனுப்புகிறேன்.

பத்து நாளாக விடிவதற்கு முன்னால் எழுந்து, காட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்கிறேன். விறகு வெட்டுகிறவன் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்ல இடமில்லையா?" என்றான். "வீட்ல இடம்தான்யா நிறைய இருக்கு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

சூரியன் மரத்துக்கு மேலே வரும் நேரம், அரை மணிதான் பறக்கிறது. அப்புறம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. இடம், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளம். பெரிய மரங்கள் எப்போதோ சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து, பாசி பிடித்து, மட்கி, கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். நம் காட்டிலேயே அலங்கோலமான இடம் அதுதான். இந்த ராஜகுமாரி குடியிருக்க வேறு இடம் கிடைக்கவில்லை பார்!

டப்பாவில் இரண்டு இருக்கின்றன. உட்கார்ந்திருந்த பட்டைத் துண்டையும் வைத்திருக்கிறேன். இது என்ன தின்னும்? இலையா, பூவா? தெரிந்தால் அந்தச் செடியை நாலு நட்டு வைப்பேன்.

நீ வந்து பார்த்தால் நன்றாக இருக்கும். பூச்சியைச் சொல்கிறேன்.

காவல்காரன்


ஜூன் 11

என்னங்க,

இந்தத் தடவை முழுசாக வந்தன. நன்றி.

எங்கள் பிரிவுத் தலைவரைச் சொல்லியிருக்கிறேனே, பூதக்கண்ணாடி, அவர் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. பழைய புத்தகம் ஒன்றில் இதே மாதிரி ஒரு படம் இருக்கிறது. வரைந்தவர் செத்து நூறு வருஷம் இருக்கும். படத்துக்குக் கீழே "வாழிடம் தெரியவில்லை" என்று மட்டும் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் பார்த்ததாக எழுதவில்லை. அவர் பிடித்த பூச்சி வேறு ஒரு மியூசியத்தில் இருக்கிறது. கேட்டு எழுதியிருக்கிறோம். அது வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

என்ன தின்னும் என்று கேட்டிருந்தீர்கள். பட்டைக்கு அடியில் ஒன்றைப் பார்த்தேன். ஒரு யோசனை இருக்கிறது. சந்தேகத்தில் இருப்பதைச் சொல்லக் கூடாது, உறுதியானதும் சொல்கிறேன். பதறாத காரியம் சிதறாது. அதுவரை இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். விஷயம் தெரிந்தால் பூச்சி சேர்க்கிறவர்கள் வலையோடு வந்து நிற்பார்கள்.

நானும் வந்து பார்க்கத்தான் நினைக்கிறேன். லீவு கிடைக்குமா, இந்தக் கால் ஒத்துக்கொள்ளுமா தெரியவில்லை. அதுவும் உறுதியானதும் எழுதுகிறேன்.

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
பூச்சிக்காரி


ஜூன் 20

அன்புள்ள பூச்சிக்காரிக்கு,

நீ "என்னங்க" என்று எழுதியிருந்ததை நாலு தடவை படித்தேன். பூச்சியைப் பற்றி எழுதியிருந்ததை ஒரு தடவைதான் படித்தேன்.

வரப் போகிறாயா! லீவு கொடுக்கவில்லை என்றால் சொல், நான் வந்து பூதக்கண்ணாடியின் காலைப் பிடிக்கிறேன். காலைப் பற்றி நீ கவலைப்படாதே, உன் காலைச் சொல்கிறேன். ஓடையைத் தாண்ட ஒரு பலகை, பள்ளத்துக்கு இறங்க ஒரு படி. இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?

யாரிடமும் மூச்சு விடவில்லை. என்ன தின்னும் என்று மட்டும் சொல்லிவிடேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இருமல் போய்விட்டது. கடிதம் வந்த அன்றே போய்விட்டது.

காவல்காரன்


ஜூலை 3

என்னங்க,

அதேதான்! அந்தப் பழைய பூச்சி வந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தேன், இம்மி பிசகவில்லை. பூதக்கண்ணாடி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

இப்போது உறுதியாகச் சொல்கிறேன். அது இலையும் தின்பதில்லை, பூவும் தின்பதில்லை. விழுந்து பத்து வருஷமாவது மட்கின மரத்தில், பட்டைக்கு அடியில் வெள்ளையாக ஒரு பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை பிடித்த மரத்தைத்தான் அதன் புழு தின்கிறது. வருஷம் முழுக்கப் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் அதற்குள்ளேயே இருந்துவிட்டு, மே மாத வெயிலில் சில நாள் மட்டும் வெளியே வருகிறது. நீங்கள் அனுப்பிய பட்டையில் காலியான கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் அலங்கோலம் என்றீர்களே, அந்த அலங்கோலம்தான் அதற்கு வீடு. ஒரு கட்டையைக்கூட நகர்த்த விடாதீர்கள்.

இன்னொன்றும் உறுதியாகிவிட்டது. பதினெட்டாம் தேதி வருகிறேன். ஒரு மாதம் லீவு. அதற்கு மேலும் இருக்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. மகளிடம் சொன்னேன், "அப்பா கிட்ட சொல்லும்மா, ஏம்மா என் கிட்ட சொல்ற?" என்றாள். அதனால் சொல்கிறேன். நாம் சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டையே போடாததால் எங்கிருந்து சமாதானம் ஆவது என்று எனக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. வந்து பேசுவோம்.

உங்கள்
பூச்சிக்காரி


ஜூலை 4

அன்புள்ள பூச்சிக்காரிக்கு,

உன் கடிதத்துக்குக் காத்திராமல் எழுதுகிறேன், சந்தோஷம் தாங்கவில்லை. வேலை முடிந்தது!

நீ வந்தால் அந்தப் பள்ளத்தில் எப்படிக் கால் வைப்பாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மட்கிய கட்டையில் கால் வைத்து முழங்கால் திரும்பிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் நீ இந்தப் பக்கம் வரமாட்டாய். அதனால் இரண்டு ஆள் வைத்து, மூன்று நாளில் கிடந்த கட்டை எல்லாவற்றையும் வெட்டி, வண்டியில் ஏற்றினது போக மீதியை அங்கேயே கொளுத்தினேன். பார்க்க வேண்டுமே! கூடம் மாதிரி இருக்கிறது. படி வெட்டி, கைப்பிடி போட்டு, உட்கார்ந்து பார்க்க ஒரு பெஞ்சும் செய்துவிட்டேன். பெஞ்சில் இரண்டு பேர் உட்காரலாம்.

பச்சை மரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை, ஒரு செடியைக்கூட மிதிக்கவில்லை. உன் பூச்சியின் சாப்பாட்டில் கை வைப்பேனா?

வீட்டையும் வெள்ளையடித்தாயிற்று. எப்போது வருகிறாய்?

காவல்காரன்


ஜூலை 10

உங்கள் கடிதம் கிடைத்தது.

நீங்கள் மாறவே மாட்டீர்கள். கேட்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லையா? கண்ணில் பட்டதை எல்லாம் பெருக்கித் தள்ளுவதுதான் உங்களுக்குத் தெரியும். அங்கே வீட்டில் இருந்தபோது நான் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் தட்டு கழுவியாகிவிடும். இங்கே நூறு வருஷம் ஒளிந்திருந்ததை மூன்று நாளில் கொளுத்திவிட்டீர்கள். எங்களுக்குத் தெரிந்து அந்த ஒரு பள்ளம்தான் அதற்கு இருந்தது.

பதினெட்டாம் தேதி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பார்க்க என்ன இருக்கிறது அங்கே?


ஜூலை 19

அன்புள்ளவளுக்கு,

உன்னுடைய மூன்றாம் தேதிக் கடிதம் ஆறாம் தேதி வந்தது. பள்ளத்துக்கு ஓடினேன். சாம்பல் ஆறிப்போயிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். வண்டி போன வழியெல்லாம் நடந்து, கீழே உதிர்ந்து கிடந்த பட்டை, சிராய் எல்லாவற்றையும் பொறுக்கினேன். வண்டிக்காரன் வீட்டில் கட்டைகள் ஏற்கெனவே அடுப்புக்குப் போயிருந்தன. கிடைத்ததை பிஸ்கட் டின்னில் போட்டு அனுப்புகிறேன். உள்ளே ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று நீதான் பார்க்க வேண்டும். நான் பிரித்துப் பார்க்கவில்லை. எதையும் தொடப் பயமாக இருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்ன தின்னும் என்று இரண்டு கடிதத்தில் கேட்டேன். "கட்டையாக இருக்கலாம், தொடாதீங்க" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு சுள்ளியைக்கூட எடுத்திருக்க மாட்டேன். தப்பாக இருந்திருந்தால்தான் என்ன? நான் என்ன மியூசியமா? உன் புருஷன்தானே. என்னிடம் சந்தேகத்தைக்கூடச் சொல்லலாம். நீ எதையும் உறுதியாகாமல் சொல்வதில்லை, நான் எதையும் கேட்டு முடிக்காமல் செய்துவிடுகிறேன். பதறாமலேயே சிதறிவிட்டது.

இந்தப் பூச்சியைப் பற்றி நீ புத்தகத்தில் எழுதும்போது உள்ளதை உள்ளபடி எழுது. பிடித்தவன் நான்தான், அழித்தவனும் நான்தான். என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் விட்டுவிடாதே.

பார்க்க என்ன இருக்கிறது அங்கே என்று கேட்டிருந்தாய். நியாயம்தான். நான் இருக்கிறேன். ஆனால் என்னை நீ பார்த்ததுதானே.

காவல்காரன்


ஏப்ரல் 17

என்னங்க,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு என்ன காரணம் சொன்னாலும் எடுபடாது. ஐந்து தடவை எழுத உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்துக்குச் சரியான பதில் இதுதான் என்று உறுதியாகட்டும் என்று காத்திருந்தேன். சிரிக்காதீர்கள். நீங்கள் சொன்னது சரி. அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்க வேண்டும். ஜூன் மாதமே எனக்குத் தெரியும், முக்கால்வாசி தெரியும். மீதிக் கால்வாசிக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்புறம் பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டேன். பள்ளம் எரிந்ததில் எனக்கும் சரிபாதி இருக்கிறது.

உங்கள் பிஸ்கட் டின்னை என் மேஜையிலேயே வைத்திருந்தேன். பட்டை காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தேன். மழைக் காலம் போயிற்று, குளிர் போயிற்று, ஒன்றும் வரவில்லை. பூதக்கண்ணாடி, "விட்டுடும்மா" என்றார். நேற்று காலை தம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், டின் மூடியின் உட்புறம் உட்கார்ந்திருக்கிறாள். ஆமாம், பெண். ஒன்றே ஒன்று. வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். ஆணைக் கூப்பிடுகிறாள். நம் மூக்குக்குத் தெரியாத ஒரு வாசனை, அது இருக்கும் இடம் தேடி ஆண் வரும். இந்த ஊரில் எங்கிருந்து வரும்?

இவளை ஊசியில் குத்தி வைக்க எனக்குக் கை வரவில்லை. பள்ளத்துக்கே கொண்டு வருகிறேன். எங்கோ ஒரு கட்டை தப்பியிருந்து, அதில் ஓர் ஆண் இருந்தால்? என் அறைச் சூட்டில் இவள் இரண்டு மூன்று வாரம் முந்திக்கொண்டாள் என்றுதான் தோன்றுகிறது. காட்டில் இன்னும் நேரம் வரவில்லையோ என்னவோ. பாருங்கள், சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன்.

நாலைந்து நாளுக்கு மேல் இவள் இருக்கமாட்டாள். அதனால் நாளைக்கே பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ. எதையும் சுத்தம் செய்யாதீர்கள்.

உங்கள்
பூச்சிக்காரி


மே 9

அன்புள்ள பூச்சிக்காரிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மகள் சொன்னாள். நீ எழுதுவாய் என்று இருந்தேன். சரி, நானே எழுதுகிறேன்.

நீ வந்திருந்த அந்த மூன்று நாள் காலையும் பெஞ்சில் நாம் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நடுவில் வலை மூடிய அந்த டப்பா. அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, யாரும் வரவில்லை. நாம் இரண்டு பேரும் பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு நிறையப் பேச இருந்தது, சத்தம் போட்டால் ஆண் வராது என்று இருந்துவிட்டேன். நாலாம் நாள் காலை அது கவிழ்ந்து கிடந்ததும் நீ டப்பாவை மூடினாய். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய். நான் "பையைக் குடு" என்றேன். இரு என்று சொல்லியிருக்க வேண்டும். பையை வாங்கினேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீ போன வாரம் பெரிய காற்று அடித்தது. பள்ளத்து ஓர மரம் ஒன்று சாய்ந்து, பெஞ்சின் மேலேயே விழுந்து, பெஞ்சு இரண்டாகிவிட்டது. விறகு வெட்டுகிறவன் கோடாலியோடு வந்தான். "கை வெச்ச, தொலைச்சுடுவேன்" என்றேன். அப்படியே கிடக்கிறது. மட்கிப் பூஞ்சை பிடிக்கப் பத்து வருஷம் ஆகும் என்றாய். எனக்கு வேலையே இன்னும் நாலு வருஷம்தான். அதற்குப் பிறகு வருகிறவனிடம் சொல்லிவிட்டுப் போவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று விடியலில் ஒன்று பறந்தது. கண் மங்கல் இல்லை, கனவும் இல்லை. இரண்டு மஞ்சள் பட்டை, ஓரத்தில் அந்த மினுக்கு, கொம்பு. விழுந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, உட்காரவே இல்லை. ஆணா பெண்ணா எனக்குத் தெரியாது, நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். எனக்கு என்னவோ ஆண் என்றுதான் பட்டது. அவள் செத்துப் பதினைந்து நாள் கழித்து வந்து தேடுகிறான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, "போச்சுடா, போயிட்டாடா" என்று அவனிடம் சொன்னேன். அழுதுவிட்டேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

பிடிக்கவில்லை. எங்கோ ஒரு கட்டை தப்பியிருக்கிறது. எங்கே என்று தேடவும் போவதில்லை. தேடுகிறேன் என்று எதையாவது புரட்டிவிடுவேன்.

நீ வா. அன்றைக்கு வாயில் வராததை இப்போது எழுதிவிட்டேன். பூச்சிக்காக வரவேண்டாம், அது அரை மணிதான் பறக்கிறது. மீதி நேரத்துக்கு வா. வருவேன் என்று தோன்றினால், தோன்றுகிறது என்று மட்டும் எழுது, தப்பாகப் போனாலும் பரவாயில்லை. உறுதியானதும் சொல்கிறேன் என்று மட்டும் எழுதாதே.

நீ போன நாளிலிருந்து வீட்டைப் பெருக்கவில்லை. நீ குடித்த தம்ளர் ஜன்னலில் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது, கழுவாமல்.

உன்
காவல்காரன்